முழுப் பட்டன், அரைப் பட்டன்

ஆகஸ்ட் 17, சனி

பள்ளி இல்லாத நாள். பதினைந்து நிமிடம் நிம்மதியாகக் குளிக்கலாம் என்று உள்ளே போனேன். ஷவரைத் திருகினேன். மேலே யாரோ நின்று தும்மியதுபோல் நாலு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் பழைய ஷவர் தலையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு குட்டிச் சமாச்சாரம், பிளாஸ்டிக்கில் வெள்ளி முலாம் பூசியது.

"என்னங்க இது?" என்று கத்தினேன்.

"லோ ஃப்ளோ உஷா. நிமிஷத்துக்கு ஆறு லிட்டர்தான். பழசு பதினஞ்சு குடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

பதில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. கதவை ஒட்டி நின்றிருக்கிறார். கையில் போன், போனில் டைமர். முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் குளித்து முடிப்பதற்காக இவர் இவ்வளவு ஆர்வமாகக் காத்திருந்ததே இல்லை.

எல்லாம் போன மாதம் வந்த மூன்று நாள் தண்ணீர்த் தடையால் வந்த வினை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பழைய பிளாட்டில் லிஃப்ட் கிடையாது. லோரியில் வந்த தண்ணீரை மூன்று மாடி வாளியில் தூக்கினார். பன்னிரண்டு வாளி. பதின்மூன்றாவது வாளியில் ஞானம் பிறந்துவிட்டது. ஜூனில்தான் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபோர்மன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என் வீட்டுக்காரர் திருச்செல்வம். அங்கே நாற்பது பேரை விரட்டிப் பழகியவர். இங்கே விரட்ட நான் ஒருத்திதான்.

எனக்கு இன்னும் மூன்று வருடம் டீச்சர் வேலை பாக்கி இருக்கிறது. இவருக்கு இனி வேலையே நான்தான். ஓய்வு பெற்ற புருஷனோடு ஒரே கூரையின் கீழ் வாழ முடியுமா என்று பார்க்க வேண்டும். தீபாவளிவரை கெடு. முடியாவிட்டால் காப்பாரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவேன். புருஷனோடு கோபித்துக்கொண்டு புருஷனின் அக்கா வீட்டுக்குப் போன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஷாம்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. பள்ளியில் காலைச் சபைகூடலுக்காக வெயிலில் நின்றபோது வியர்வையோடு நுரையும் வந்தது.

ஆகஸ்ட் 24, சனி

இன்று டாய்லெட்டுக்குப் புதுத் தொட்டி. மேலே இரண்டு பட்டன். அரைப் பட்டனுக்கு மூன்று லிட்டர், முழுப் பட்டனுக்கு ஆறு. என்னை நிற்கவைத்து வகுப்பெடுத்தார். நான் இருபத்தெட்டு வருடமாக வகுப்பெடுப்பவள், கேள்வி கேட்காமல் இருப்பேனா?

"சந்தேகமான கேஸுக்கு எந்தப் பட்டன்?"

"சந்தேகமான கேஸ்னா?"

"அது போனவங்களுக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. சீர்திருத்தவாதிகள் சிரிக்க மாட்டார்கள். கொட்டை எழுத்தில் ஒரு தாள் எழுதிக் கதவில் ஒட்டினார்: "காலையில் இருவரும் போன பிறகே ஃபிளஷ். அரை மட்டும்."

"முப்பத்திரண்டு வருஷமா எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்தாச்சு. இது ஒண்ணுதான் தனியா இருந்துச்சு. அதுவும் வேணுமாங்க?"

"உலகத்துல தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுது உஷா."

"வெட்கமும்தான்."

சமையலறைப் பைப்பின் வாயிலும் ஒரு சல்லடையை மாட்டியிருக்கிறார். தண்ணீர் காற்றோடு கலந்து பொசுபொசுவென்று வருகிறது. பார்க்க ஏராளமாக இருக்கிறது. கெம்போங் மீனைக் கழுவி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இன்றிலிருந்து இந்த நாட்குறிப்பில் இவர் பெயர் தண்ணீர் மந்திரி.

செப்டம்பர் 13, வெள்ளி

நல்லம்மாள் அண்ணி வந்திருக்கிறார், நான்கு நாள் தங்க. மந்திரியின் அக்கா. காப்பாரில் பேசினால் கிள்ளானில் கேட்கும் குரல். வெள்ளிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல். தலை நிறைய நல்லெண்ணெய், கையில் சீயக்காய்க் கிண்ணம். இந்த ஷவரைப் பற்றி எச்சரிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஐந்து நிமிடத்தில் கூப்பாடு.

"டேய் தம்பி! இது குளிக்கிறதா, இல்ல கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிறதா?"

"கொஞ்சம் பொறுமையா நில்லுக்கா, போயிடும்."

"நின்னா என் உயிருதான்டா போகும். வாளியைக் கொண்டா லா!"

மூன்று வாளி உள்ளே போயிற்று. ஒவ்வொரு வாளிக்கும் மந்திரியின் முகம் ஒரு சுற்று இளைத்தது. அதோடு முடிந்ததா? டாய்லெட்டில் அண்ணி இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துகிறார், அப்புறம் ஒரு வாளி ஊற்றுகிறார். "நாம சாப்பிடற சாப்பாட்டுக்கு மூணு லிட்டர் எந்த மூலைக்கு?" என்று கேட்டார். அண்ணிக்கு இன்று என் கையால் இறால் சம்பால்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எழுத முடிகிறதா பார்ப்போம்.

புதுத் தொட்டியிலிருந்து இரண்டு நாளாக "உஸ்" என்று சத்தம். எங்கேயோ கசிகிறது என்றார் மந்திரி. போனில் ஒரு வீடியோ பார்த்தார். தொட்டியில் சாயம் கலக்க வேண்டுமாம், ஃபிளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விட வேண்டுமாம், கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் கசிவு உண்டு என்று அர்த்தமாம். வெள்ளைக்காரர்கள் அதற்கென்றே மாத்திரை விற்கிறார்கள். இவர் என் சமையலறைக்குப் போய்க் கேசரிப் பவுடர் டப்பாவை எடுத்தார். ஒரு சிட்டிகை போதும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். பாதி டப்பாவைக் கொட்டிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பாசாருக்குக் கீரை வாங்கப் போய்விட்டார்.

அண்ணி உள்ளே போனார்.

சத்தமே இல்லை. அண்ணி இருக்கும் இடத்தில் சத்தம் இல்லையென்றால் பயப்பட வேண்டும். கதவு மெதுவாகத் திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சோபாவில் படுத்தார். என் கையைப் பிடித்தார்.

"உஷா, எனக்கு நேரம் வந்திருச்சு. ரத்தமாப் போயிருக்கு. எனக்கே தெரியாமப் போயிருக்கு. என் அட்டியல உன் மகன் கட்டப் போறவளுக்குக் குடுத்திரு. வளையல் பீரோல, மஞ்சள் புடவைக்கு அடியில..."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கிண்ணம் முழுக்கச் செக்கச்செவேல். ஆம்புலன்சைக் கூப்பிடப் போனை எடுத்த நேரத்தில் மந்திரி கீரைக்கட்டோடு உள்ளே வந்தார். நேராக டாய்லெட்டுக்குப் போனார். எட்டிப் பார்த்தார். "பாத்தியா, லீக் இருக்கு!" என்று துள்ளினார்.

அண்ணி பிழைத்து எழுந்து அந்தக் கீரைக்கட்டாலேயே அவரை அடித்தார். அறுபத்தொரு வயதுத் தம்பி கூடத்தைச் சுற்றி ஓடியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கடைசியில் மூவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அதையும் பிடிச்சு வைங்க" என்றேன்.

மாலையில் தொட்டிக்குள் ரப்பர் வாசரை மாற்றினார். கசிவு நின்றது. என் வெள்ளைக் கிண்ணத்தில்தான் ஓரமெல்லாம் ஆரஞ்சு.

செப்டம்பர் 29, ஞாயிறு

இரண்டு வாரம் ஆகியும் கிண்ணத்துத் தண்ணீரில் லேசாக நிறம். ரோஸ் சிராப் கரைத்த மாதிரி. "கேசரிப் பவுடர்தான், தொட்டிக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு, கழுவிடறேன்" என்றார். உங்கள் ஆயுசுக்கும் இது போகாது என்றேன். அரை நாள் உட்கார்ந்து தொட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9, புதன்

பிடிபட்டான் திருடன்!

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. எங்கள் படுக்கைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் டாய்லெட். உள்ளே அவர். முழுப் பட்டன் சத்தம் கேட்டது. ஆறு லிட்டர். சரி, சந்தேகமான கேஸ் போலிருக்கிறது என்று படுத்திருந்தேன். தொட்டி நிரம்பும்வரை உள்ளேயே நின்றார். மறுபடியும் முழுப் பட்டன். பன்னிரண்டு லிட்டர்! எனக்கு நிமிடத்துக்கு ஆறு என்று அளந்து ஊற்றுகிற மகான், தனக்கென்று வந்ததும் சுங்கை கிள்ளான் ஆற்றையே திறந்துவிடுகிறார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார். முதலில் ஆதாரம் வேண்டும். டீச்சருக்கா அட்டவணை போடத் தெரியாது? இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் முழுப் பட்டன் இரண்டு. மாலையில் இரண்டு.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் இரண்டு. மாலையில் மூன்று. கல்லுளிமங்கன், முகத்தை எப்படி வைத்துக்கொண்டு வெளியே வருகிறார்!

அக்டோபர் 18, வெள்ளி

இரண்டு வாரமாகக் குளியலறை வாசலில் டைமர் இல்லை. நேற்று வேண்டுமென்றே இருபது நிமிடம் குளித்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. குற்ற உணர்ச்சி வந்துவிட்டது போலும். வந்தால் நல்லது.

புதிதாக ஒரு கிறுக்கு. காலையில் பார்லித் தண்ணீர், மத்தியானம் இளநீர், வெந்தயம் ஊறவைத்து வேறு குடிக்கிறார். உடம்பு சூடாம். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு எங்கிருந்து வந்தது சூடு? முப்பத்தைந்து வருடம் இன்ஜினுக்கு அடியில் கிடந்தபோது வராத சூடு!

அட்டவணை வேகமாக நிரம்புகிறது. தீபாவளிக்கு மகன் ஜீவன் பினாங்கிலிருந்து வருகிறான், அண்ணியும் வருகிறார். சபை கூடட்டும்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

முடித்துவிட்டேன்.

காலைச் சாப்பாடு. மேசையில் நாங்கள் நால்வர். இட்லி, ஆட்டுக்கறி. நான் எழுந்து நின்றேன். கரண்டியால் தம்ளரைத் தட்டினேன்.

"பெரியோர்களே! அக்டோபர் ஒன்பதாம் தேதி முதல் நேற்றுவரை, மாண்புமிகு தண்ணீர் மந்திரி அவர்கள் முழுப் பட்டனை அழுத்திய தடவைகள் நூற்று மூன்று. செலவான தண்ணீர் அறுநூற்றுப் பதினெட்டு லிட்டர். இதே மந்திரியின் ஆட்சியில்தான் அவருடைய மனைவி தலையில் நுரையோடு பள்ளிக்கூடம் போனார்."

ஜீவன் கைதட்டினான். "அப்பா, கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க லா!" என்றான். அண்ணி, "அடப்பாவி, என்னை மூணு வாளிக்கு முறைச்சியேடா!" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

நான் பதிலுக்குத் தயாராக இருந்தேன். அவர் என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி உஷா. தப்புதான்."

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

தப்புதான். முப்பத்திரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. காரைக் கேட்டில் மோதிய அன்றுகூட, கேட் தப்பான இடத்தில் இருக்கிறது என்று வாதாடியவர். ஆக, கெடு முடிந்தது, நான் ஜெயித்தேன். காப்பாருக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை.

நவம்பர் 2, சனி

கதவில் ஒட்டியிருந்த தாளை அவரே கிழித்துப் போட்டுவிட்டார். நான் என்ன சொன்னாலும் சரி என்கிறார். சண்டைக்கே வராத மனுஷனோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பது? ஜெயித்தது ஏன் இனிக்கவில்லை என்று தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

எழுதாவிட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

காலையிலிருந்து தண்ணீர்த் தடை. இரண்டு நாள் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தேன். வீட்டில் அவர் இல்லை, லோரியில் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தார். டாய்லெட் கதவு திறந்து கிடந்தது, வாசலில் காலி வாளி. அவசரமாக உள்ளே போனேன்.

சிவப்பு. சிராப் நிறம் இல்லை. சிவப்பு. நடுவில் கட்டியாக ஏதோ.

கேசரிப் பவுடர் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. தொட்டியைக் கழட்டிக் கழுவியாச்சு. தொட்டியில தண்ணியே இல்ல. அப்புறம் எங்கேருந்து வந்துச்சு இந்தக் கலர்? எங்கேருந்து? அங்கேயே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல.

இரண்டு கையிலும் வாளியோடு மூச்சு வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் வாளிகளை வைத்தார்.

"உள்ள போயிட்டியா" என்றார்.

"எத்தனை நாளா?"

"அக்கா அன்னிக்கு ரத்தம்னு பயந்துச்சுல்ல, அதுக்கு அடுத்த வாரம். மொதல்ல பவுடர்னுதான் உஷா நெசமாவே நினைச்சேன். தொட்டியைக் கழுவிப் போட்டேன். அப்புறமும் வந்துச்சு. அப்பதான் எங்கிட்டருந்து வருதுன்னு தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சும் வாயத் திறக்கல?"

"வலியே இல்ல. சூடுன்னு நினைச்சேன். பார்லி குடிச்சா ரெண்டு நாள் நிக்குது, மறுபடி வருது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல எல்லாரும் அதை வச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. நானுந்தான் சிரிச்சேன். அதுக்கு நடுவுல போய் எப்படிச் சொல்றது?"

நூற்று மூன்று. கட்டம் கட்டமாக நான் எண்ணி வைத்திருந்தது அவருக்கு ரத்தம் போன கணக்கு. என் கண்ணில் படக் கூடாது என்று அவர் இரண்டு இரண்டு தடவை ஊற்றிக் கழுவியிருக்கிறார். நான் அதைத் தீபாவளி மேசையில் எழுந்து நின்று வாசித்தேன். கைதட்டல் வாங்கினேன்.

அடிப்பாவி. உஷாராணி, நீ பாவி.

நவம்பர் 13, புதன்

லீவு போட்டேன். கீழே கிளினிக்கில் சீன டாக்டரம்மா ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். இவர் நிரப்பிக் கொண்டுவந்ததைப் பார்த்ததும் டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். "வலி இல்லையே டாக்டர்" என்று இவர் மலாயில் சொன்னார். வலி இல்லாமல் வருவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. கடைசிப் பக்கத்து அட்டவணையைக் கிழித்தெறிந்துவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

ஆஸ்பத்திரி. டாக்டர் சுதர்சினி, நம் தமிழ்ப் பெண், முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். எந்த வழியாக என்று இவர் கேட்டார். அவள் சொன்னாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான்தான் ஏதோ ஏற்பாடு செய்ததுபோல.

"வேற வழி இல்லையா டாக்டர்?"

"இல்ல அங்கிள். இதான் மெயின் ரோடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். "சிரி, பரவால்ல, சிரி" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றே கேமரா விட்டுப் பார்த்துவிட்டார்கள். மூத்திரப்பைக்குள் ஒரு கட்டி. திரையில் பார்த்தேன், பூக்கோசு மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும்.

நவம்பர் 22, வெள்ளி

பயமாக இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வாழ முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தேனே. கேட்டது நானேதான். எனக்கு அந்த மனுஷன் வேண்டும், டைமரோடு வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

அறுவை முடிந்தது. கட்டி முழுதும் வந்துவிட்டதாக டாக்டர் பெண் சொன்னாள்.

கட்டிலுக்கு மேலே பெரிய பெரிய தண்ணீர்ப் பைகள் தொங்குகின்றன. உப்புநீராம். ஒரு குழாய் வழியாக அவருக்குள்ளே போகிறது, கழுவிக்கொண்டு இன்னொரு குழாய் வழியாகக் கீழே பைக்கு வருகிறது. நிறுத்தாமல் ஓட வேண்டும், ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது. மயக்கம் தெளிந்ததும் மந்திரி முதலில் பார்த்தது அதைத்தான்.

"ஒரு பை எத்தனை லிட்டர்?" என்று மலாய் நர்ஸிடம் கேட்டார்.

மூன்று லிட்டர் என்றாள்.

"காலைலருந்து எத்தனை பை?"

ஐந்தாவது, பாக்சிக் என்று மாமா முறை வைத்துச் சொன்னாள்.

கண்ணை மூடிக்கொண்டார். வலியா என்று பயந்து குனிந்தேன். "பதினஞ்சு லிட்டர் உஷா. எனக்குள்ளயே" என்றார்.

கீழே இருக்கும் பையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சிவப்பு. மாலையில் இளஞ்சிவப்பு. அண்ணி பத்துமலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், தம்பி எழுந்து வந்தால் வளையல் இரண்டும் முருகனுக்கு. இவருக்குத் தெரிந்தால் ஒரு வளையல் போதும் என்பார்.

டிசம்பர் 19, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். அந்த வார்த்தையை எழுதிப் பார்க்கிறேன். எழுத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை, மற்ற வார்த்தைகளைப் போலவே இருக்கிறது.

மேலோட்டமாக இருக்கிறது, சதைக்குள்ளே இறங்கவில்லை என்றாள் டாக்டர் பெண். இன்னும் கொஞ்ச மாதம் விட்டிருந்தால்? கேட்டேன். "ஏன் ஆன்டி அதெல்லாம், வந்துட்டீங்கல்ல" என்றாள். திரும்பத் திரும்ப வரக்கூடிய வகையாம். அதனால் வாரம் ஒருமுறை உள்ளே மருந்து விட வேண்டும், ஆறு வாரம். பிறகு மறுபடி கேமரா.

காரில் வரும்போது அவரிடம் சொன்னேன். "அன்னிக்குத் தீபாவளியில நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க."

"நூத்தி மூணு இல்ல உஷா. நீ பள்ளிக்கூடம் போன நேரத்த விட்டுட்ட. இருநூறுக்கு மேல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

ஜனவரி 16, வியாழன்

முதல் மருந்து. காசநோய்த் தடுப்பூசிக்குப் போடுகிற கிருமியேதானாம், உயிரோடு இருப்பது. அதனால் வீட்டுக்குப் போனபின் ஆறு மணி நேரம் விதிமுறை உண்டு. டாக்டர் பெண் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். உட்கார்ந்துதான் போக வேண்டும். போனதும் ப்ளீச் ஊற்ற வேண்டும். மூடிவைத்துக் கால் மணி நேரம் விட வேண்டும். பிறகு ஃபிளஷ், இரண்டு தடவை. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மந்திரி தொண்டையைச் செருமினார். "அந்த ரெண்டு தடவை... அரையா, முழுசா?"

"புரியல அங்கிள்."

"எங்க வீட்டுல ரெண்டு பட்டன் இருக்கு."

"முழுசு" என்றேன் நான், டாக்டர் வாயைத் திறக்கும் முன். "ரெண்டு தடவையும் முழுசு. எழுதிக் குடுங்க டாக்டர், கதவுல ஒட்டணும்."

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆறாவதும் முடிந்தது. நடுவில் ஒரு வாரம் சீனப் பெருநாளுக்குத் தள்ளிப்போயிற்று. மருந்து நாளில் காய்ச்சலடித்ததுபோல் சுருண்டு கிடக்கிறார். சுருண்டு கிடந்தபடியே, டாய்லெட்டைக் கழுவித் துடைத்துவிட்டேனா என்று கேட்கிறார். துடைத்தேன், வாளிக் கணக்கில் ஊற்றித் துடைத்தேன். எத்தனை லிட்டர் என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து புது ஏற்பாடு, என்னுடையது. காலையில் நான் வந்து பார்க்காமல் அவர் எந்தப் பட்டனையும் தொடக் கூடாது. "இது என்ன கண்றாவி" என்றார். "கண்றாவிதான். கூப்பிடுங்க" என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மறுபடி கேமரா. நான் திரையைப் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன்.

"ஆன்டி, திரும்புங்க. சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்ல."

மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்புறமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வருடக்கணக்கில். இருக்கட்டும். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். அவர் சட்டைப் பையில் பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டே, "அழுது முடிச்சிட்டு வா, மெசின்ல வரிசை நிக்குது" என்றார். அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டரே பார்த்துச் சொல்லிவிட்டாள், இனி நான் ஓடிப்போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் தோசையை ஊற்றினேன். மணி ஐந்தரை. உள்ளேயிருந்து குரல்.

"உஷா!"

"அதான் நேத்து டாக்டர் பாத்துட்டாங்கல்ல!"

"அவங்க பாத்தாங்க. நீ வந்து பாரு."

போனேன். குனிந்து பார்த்தேன். மஞ்சள். வெறும் மஞ்சள். அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு அவரும் பார்த்தார். சமையலறையிலிருந்து தோசை கருகும் வாசம் வந்தது. இரண்டு பேருமே நகரவில்லை.